தூரத்து சுவிட்ச்: நீலகிரி ரத்தம் சொல்லும் டி.என்.ஏ கதை

உங்க கண்ணுல இருக்கிற செல்லுக்கும் கல்லீரல்ல இருக்கிற செல்லுக்கும் டி.என்.ஏ ஒண்ணுதான். எழுத்துக்கு எழுத்து அதே காப்பி. ஆனா கண் செல் பித்தநீர் சுரக்கிறதில்லை, கல்லீரல் செல் வெளிச்சம் பார்க்கிறதில்லை. ஒரே ப்ரோக்ராம், ரெண்டு இடத்துல ரெண்டு விதமா ஓடுது. அப்போ எந்த ஜீன் எங்கே ஆன் ஆகணும், எங்கே ஆஃப் ஆகணும்னு முடிவு பண்றது எது?

பயோடெக் படிக்கிறவங்களுக்கு இதுக்கான பதில் தெரிஞ்சிருக்கும். இந்தக் கட்டுரை முக்கியமா சிவில், மெக்கானிக்கல், சி.எஸ்.இ மக்களுக்கு. இதுக்கு நல்ல உதாரணம் வெளிநாட்டுல தேட வேண்டியதில்லை, நம்ம நீலகிரியிலேயே இருக்கு.

98 சதவீதம் என்ன பண்ணுது?

மனித டி.என்.ஏ-வுல சுமார் 310 கோடி எழுத்து. ஏ, டி, ஜி, சி என்ற நாலே எழுத்துதான் திரும்பத் திரும்ப வரும். இதுல புரோட்டீன் செய்யச் சொல்ற ஜீன்கள் கிட்டத்தட்ட 20,000. ஆனா புரோட்டீனுக்கான குறிப்பு மட்டும் எவ்வளவுன்னு கணக்குப் போட்டா, மொத்தத்துல 2 சதவீதம் கூட வராது.

மீதி 98 சதவீதத்துல பழைய வைரஸ் மிச்சம், திரும்பத் திரும்ப வர்ற துண்டுகள்னு நிறைய இருக்கு. அதுக்கு நடுவுல சிதறிக் கிடக்கிற சில லட்சம் சின்னத் துண்டுகள்தான் நம்ம ஹீரோ. இதுங்க எந்தப் புரோட்டீனையும் செய்யாது. யார் செய்யணும், எப்போ செய்யணும், எவ்வளவு செய்யணும்னு கட்டுப்படுத்தும். இதுல முக்கியமானது ரெண்டு வகை: ப்ரமோட்டர், என்ஹான்சர்.

வாமடையும் மதகும்

டெல்டாக்காரங்களுக்கு இது சுலபமா புரியும். வயலுக்குள்ள தண்ணி நுழையிற இடம் வாமடை. வயலை ஒட்டியே இருக்கும். ப்ரமோட்டரும் அப்படித்தான், ஜீன் தொடங்குற இடத்தை ஒட்டியே இருக்கும். ஜீனைப் படிச்சு ஆர்.என்.ஏ காப்பி எடுக்கிற இயந்திரம் வந்து உட்காருற இடம் அது. சில ப்ரமோட்டர்ல, ஜீன் தொடங்குறதுக்கு 25, 30 எழுத்து முன்னாடி டி-ஏ-டி-ஏ-ஏ-ஏ மாதிரி ஒரு வரிசை இருக்கும். அதுக்கு டாட்டா பெட்டின்னு பேரு. நிறைய ப்ரமோட்டர்ல அது இருக்காது. அதுக்குப் பதிலா சி-யும் ஜி-யும் அடுத்தடுத்து நெருக்கமா வர்ற பகுதி இருக்கும்.

வாமடை திறந்திருந்தா மட்டும் வயல் நிரம்பிடுமா? ஆத்துல மதகு திறக்கணும். அந்த மதகு எங்கேயோ பல மைல் தள்ளி இருக்கும். ஜீனுக்கு அந்த மதகுதான் என்ஹான்சர். 1981-ல் ஒரு ஆராய்ச்சிக் குழு, எஸ்.வி.40 என்ற வைரஸோட ஒரு டி.என்.ஏ துண்டை, முயலோட பீட்டா குளோபின் ஜீன் இருக்கிற அதே வளையத்துல ஒட்டிப் பார்த்தாங்க. ஜீனோட வேலை பல மடங்கு கூடிடுச்சு. ஆச்சரியம் என்னன்னா, துண்டைத் திருப்பி ஒட்டினாலும் வேலை செஞ்சுது, தள்ளி ஒட்டினாலும் வேலை செஞ்சுது, ஜீனுக்குப் பின்னாடி ஒட்டினாலும் வேலை செஞ்சுது.

எவ்வளவு தூரம் தள்ளி இருக்கலாம்? நம்ம கை விரல் சரியா அஞ்சு வர்றதுக்குக் காரணமான ஒரு என்ஹான்சர், அது கட்டுப்படுத்துற ஜீன்ல இருந்து சுமார் 10 லட்சம் எழுத்து தள்ளி, வேற ஒரு ஜீனுக்குள்ள உட்கார்ந்திருக்கு. அதுல ஒரே ஒரு எழுத்து மாறினாலும் சிலருக்கு ஆறாவது விரல் வரும்.

நெல்லுலயும் இது உண்டு. காட்டு நெல் பழுத்ததும் உதிர்ந்துடும். கதிர்லயே மணி நின்னாதான் மனுஷன் அறுத்து வீட்டுக்குக் கொண்டு வர முடியும். ஜப்பான் ரகங்கள்ல இந்தக் குணத்துக்கு ஒரு முக்கியக் காரணத்தை 2006-ல் கண்டுபிடிச்சாங்க. ஜீன் மாறவே இல்லை. ஜீன்ல இருந்து 12,000 எழுத்து தள்ளி ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. அவ்ளோதான்.

விசிறி மடிப்பு

மதகு உவமை இங்கே கொஞ்சம் இடிக்கும். மதகுத் தண்ணி வாய்க்கால் வழியா நடந்து வரும். டி.என்.ஏ-வுல அப்படி எதுவும் ஓடி வர்றதில்லை. அப்புறம் எப்படி 10 லட்சம் எழுத்து தள்ளி இருக்கிற ஒண்ணு இங்கே வேலை செய்யுது?

கும்பகோணம் பக்கத்துல திருபுவனம் பட்டு பார்த்திருப்பீங்க. அந்தச் சேலையை விசிறி மடிப்பா மடிச்சு வைப்பாங்க. விரிச்சுப் போட்டா உடம்புல இருக்கிற ஒரு பூவுக்கும் முந்தானையில இருக்கிற பூவுக்கும் பல அடி தூரம். மடிச்சு வச்சா ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உட்காரும்.

டி.என்.ஏ-வும் மடிஞ்சுதான் இருக்கு. ஒரு செல்லுல இருக்கிற டி.என்.ஏ-வை நீட்டினா சுமார் 2 மீட்டர். அது அடைஞ்சு கிடக்கிற நியூக்ளியஸோட அகலம் ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு அளவுதான். இந்த மடிப்புல தூரத்து என்ஹான்சர் வளைஞ்சு வந்து ப்ரமோட்டர் பக்கத்துல நிக்குது. நடுவுல இருக்கிற டி.என்.ஏ ஒரு வளையமா வெளியே தொங்கும். 2002-ல் எலியோட குளோபின் ஜீன்கள்ல இந்த வளையத்தை நேரடியா அளந்து காட்டினாங்க.

எழுத்துல என்ன அடையாளம்?

எந்த என்ஹான்சர் எந்த ப்ரமோட்டரோட சேரும்? பக்கத்துல இருக்கிற ஜீனோடதான் சேரும்னு சொல்ல முடியாது, பல ஜீனைத் தாண்டிப் போகும். எழுத்து வரிசையைப் பார்த்தே கண்டுபிடிக்க சில குறிப்புகள் இருக்கு.

1. உட்காருற இடங்கள். கட்டுப்பாட்டுப் புரோட்டீன்கள் ஒவ்வொண்ணுக்கும் பிடிச்ச ஒரு குட்டி வரிசை உண்டு. சிவப்பணு உருவாக்கத்துக்கு அத்தியாவசியமான காட்டா-1 என்ற புரோட்டீன் ஜி-ஏ-டி-ஏ-வைத் தேடும். முன்னாடி ஏ அல்லது டி, பின்னாடி ஏ அல்லது ஜி வரணும். ரீஜெக்ஸ் எழுதினவங்களுக்கு இது நல்லாவே புரியும். என்ஹான்சர்லயும் ப்ரமோட்டர்லயும் ஒண்ணோட ஒண்ணு கை கோர்க்கிற புரோட்டீன்களுக்கான இடம் இருந்தா, ரெண்டும் சேர வாய்ப்பு அதிகம்.

2. எதிரெதிர் அம்பு. சிடிசிஎஃப் என்ற புரோட்டீன் உட்காருற வரிசைக்கு ஒரு திசை உண்டு. வளையத்தோட ரெண்டு முனையிலயும் இந்த வரிசை இருந்தா, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்த்த மாதிரி இருக்கும். 2014-ல் மனித செல்லுல சுமார் 10,000 வளையங்களைக் கண்டுபிடிச்சப்போ, இந்த வரிசை தெளிவாத் தெரிஞ்ச வளையங்கள்ல 90 சதவீதத்துக்கு மேல இப்படித்தான் இருந்துச்சு. இது ஒரு தடுப்புச் சுவர் மாதிரி. உள்ளே இருக்கிற என்ஹான்சர் பெரும்பாலும் உள்ளே இருக்கிற ஜீனோடதான் பழகும்.

3. ப்ரமோட்டரோட குணம். டாட்டா பெட்டி இருக்கா, சி-ஜி நெருக்கம் இருக்கா என்பதைப் பொறுத்து அது எந்த மாதிரி என்ஹான்சரோட ஒத்துப்போகும்னு மாறும்.

4. மாறாத எழுத்துகள். கோடிக்கணக்கான வருஷமா பல உயிரினங்கள்ல ஒரு வரிசை அப்படியே இருந்தா, அதுக்கு ஏதோ முக்கியமான வேலை இருக்குன்னு அர்த்தம்.

இவ்வளவுதானா, ஒரு சர்ச் போட்டா முடிஞ்சிடுமேன்னு தோணும். கணக்குப் பாருங்க. காட்டா-1 வரிசை தற்செயலாவே சுமார் 1,000 எழுத்துக்கு ஒரு முறை வரும். டி.என்.ஏ-வோட ரெண்டு இழையையும் சேர்த்தா 500-க்கு ஒரு முறை. 310 கோடியை 500-ஆல் வகுத்தா 62 லட்சம் இடம். காட்டா-1 உண்மையில உட்காருறது அதுல ரொம்பச் சின்னப் பங்குல மட்டும்தான். மத்த இடங்கள் இறுக்கமா சுருட்டி மூடிக் கிடக்கு. எந்த இடம் திறந்திருக்கும்னு செல்லுக்கு செல் மாறும். அதனாலதான் ஒரே டி.என்.ஏ வச்சுக்கிட்டு கண்ணும் கல்லீரலும் வேற வேறயா இருக்கு.

இப்போ நீலகிரிக்குப் போவோம்

1952-ல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களோட ரத்தத்துல சிக்கில் செல் இருக்குன்னு எழுதினாங்க. இந்தியாவுல சிக்கில் செல் பத்தின ஆரம்பகாலப் பதிவுகள்ல முக்கியமானது இது. அதுவரை இதை ஆப்பிரிக்க வம்சாவளியினரோட நோய்னுதான் பெரும்பாலும் நினைச்சிருந்தாங்க.

நோய் என்ன? ஹீமோகுளோபின்ல இருக்கிற பீட்டா குளோபின் ஜீன்ல ஒரே ஒரு எழுத்து பிசகு. ஜி-ஏ-ஜி இருக்க வேண்டிய இடத்துல ஜி-டி-ஜி. அந்த ஒரு மாற்றத்தால ஆக்சிஜன் குறையும்போது ஹீமோகுளோபின் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கம்பி மாதிரி ஆகும். உருண்டையா இருக்க வேண்டிய சிவப்பணு கதிர் அறுக்கிற அருவா மாதிரி வளையும். சின்ன ரத்தக் குழாய்ல அடைக்கும். தாங்க முடியாத வலி, ரத்தசோகை, தொற்று, சில சமயம் பக்கவாதம். அம்மா, அப்பா ரெண்டு பேருமே இந்த எழுத்தை ஒரு காப்பி சுமந்தா, ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலுல ஒரு பங்கு வாய்ப்பு.

இந்தப் பிசகு ஜீனுக்குள்ளதான் இருக்கு. அப்போ கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? சுவாரசியமே இங்கேதான் ஆரம்பிக்குது.

நீலகிரி உட்பட இந்தியப் பழங்குடிகள்கிட்ட இருக்கிற சிக்கில் ஜீனைச் சுத்தியிருக்கிற டி.என்.ஏ-வை ஆராய்ஞ்சப்போ, அது ஆப்பிரிக்க வகைகள்ல இருந்து வேறன்னு தெரிஞ்சுது. அதுக்கு அரபு-இந்திய வகைன்னு பேரு. இதுல ஒரு முக்கியமான அடையாளம் இருக்கு: காமா குளோபின்னு வேற ஒரு ஜீன், அது தொடங்குறதுக்கு 158 எழுத்து முன்னாடி, சி-க்குப் பதிலா டி. அதாவது காமா ஜீனோட ப்ரமோட்டர்ல ஒரு எழுத்து மாற்றம். இந்த வகை உள்ள நோயாளிகளோட ரத்தத்துல ஒரு பழைய சரக்கு மத்தவங்களைவிட அதிகமா மிச்சம் இருக்கு. அதுதான் சிசு ஹீமோகுளோபின்.

சுவிட்ச் மாறுற கதை

வயித்துல இருக்கும்போது குழந்தைக்குக் காமா குளோபின் போட்ட ஹீமோகுளோபின்தான். பிறந்த பிறகு சில மாசத்துல காமா ஆஃப் ஆகி பீட்டா ஆன் ஆகும். ஜேனட் வாட்சன் என்ற டாக்டர் 1948-லேயே ஒண்ணைக் கவனிச்சார்: சிக்கில் செல் உள்ள பச்சைக் குழந்தைகள் ஆரம்ப மாசங்கள்ல நல்லாத்தான் இருக்காங்க. சிசு ஹீமோகுளோபின் காப்பாத்துது. அது போன பிறகுதான் வலி ஆரம்பிக்குது.

இந்த ஜீன்கள் 11-வது குரோமோசோம்ல வரிசையா நிக்குது. எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு பலமான என்ஹான்சர் கூட்டம். பீட்டா ஜீன்ல இருந்து அது சுமார் 50,000 எழுத்து தள்ளி இருக்கு. ஒரே மதகு, பல வாமடை. சிசுவா இருக்கும்போது இந்த என்ஹான்சர் மடிஞ்சு காமா கிட்ட நிக்கும். பிறந்த பிறகு பீட்டா கிட்ட நிக்கும். ஒண்ணுக்குக் கிடைச்சா இன்னொண்ணுக்குக் குறையும்.

யார் காமாவை அணைக்கிறது? பிசிஎல்11ஏ என்ற புரோட்டீன். காமா ப்ரமோட்டர்ல சுமார் 115 எழுத்து முன்னாடி டி-ஜி-ஏ-சி-சி-ஏ என்ற வரிசையில அது உட்காருதுன்னு 2018-ல் தெளிவாச்சு. உலகத்துல சில குடும்பங்களுக்கு இயற்கையாவே இந்த ஆறு எழுத்துல ஒண்ணு மாறியிருக்கும். அவங்க பெரியவங்களானாலும் சிசு ஹீமோகுளோபின் அதிகமா இருக்கும், ஆரோக்கியமாவும் இருப்பாங்க.

அப்போ பிசிஎல்11ஏ ஜீனை வெட்டி எறிஞ்சிடலாமா? கூடாது. நோய் எதிர்ப்புச் செல்லுக்கும் மூளைக்கும் அது வேணும். இங்கேதான் என்ஹான்சர் அறிவு கை கொடுத்துச்சு. பிசிஎல்11ஏ ஜீனுக்குன்னு ஒரு என்ஹான்சர் இருக்கு, அது சிவப்பணு வம்சத்துல மட்டும் வேலை செய்யும்னு 2013-ல் கண்டுபிடிச்சாங்க. 2015-ல் அதுல ஒவ்வொரு இடமா வெட்டிப் பார்த்தப்போ, உயிர்நாடி எதுன்னு தெரிஞ்சுது. நம்ம பழைய நண்பன்தான், காட்டா-1 உட்காருற வரிசை.

இப்போ சங்கிலியைச் சேர்த்துப் பாருங்க. கிரிஸ்பர் வச்சு அந்தக் காட்டா வரிசையை மட்டும் உடைச்சா, சிவப்பணு வம்சத்துல மட்டும் பிசிஎல்11ஏ குறையும். காமா ப்ரமோட்டர் விடுபடும். பெரிய என்ஹான்சர் மறுபடி காமா பக்கம் மடியும். சிசு ஹீமோகுளோபின் திரும்பி வரும். அருவா வடிவம் குறையும். பிசகு இருக்கிற பீட்டா ஜீனைத் தொடவே இல்லை!

இந்த முறையில உருவான காஸ்ஜெவி என்ற சிகிச்சைக்கு 2023 நவம்பர்ல பிரிட்டன், டிசம்பர்ல அமெரிக்கா அனுமதி கொடுத்துச்சு. உலகத்துலயே அனுமதி வாங்கின முதல் கிரிஸ்பர் சிகிச்சை. போதுமான காலம் கண்காணிச்ச 31 நோயாளிகள்ல 29 பேருக்குக் குறைஞ்சது ஒரு வருஷம் கடுமையான வலி வரலை.

கூடலூருக்கு எப்போ வரும்?

அமெரிக்காவுல 2023-ல் அதுக்கு அறிவிச்ச விலை 22 லட்சம் டாலர். அப்போதைய மதிப்புல நம்ம காசுல சுமார் 18 கோடி ரூபாய். அதுக்கு மேல, எலும்பு மஜ்ஜையைக் காலி பண்ற கடுமையான கீமோதெரபியும் பெரிய ஆஸ்பத்திரியும் வேணும். நீலகிரியில ஒரு பணியர் அல்லது இருளர் குடும்பத்துக்கு இந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை.

அவங்களுக்கு இன்னிக்கு நிஜமா உதவுறது வேற. ஹைட்ராக்சியூரியா மாத்திரை. அதுவும் சிசு ஹீமோகுளோபினைத்தான் கூட்டுது. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை மாதிரி இடங்கள் வருஷக்கணக்கா பரிசோதனை, தொடர் சிகிச்சைன்னு செஞ்சுட்டு வர்றாங்க. 2023 ஜூலை 1-ல் ஆரம்பிச்ச தேசிய சிக்கில் செல் ஒழிப்புத் திட்டம் 7 கோடி பேரைப் பரிசோதிக்க இலக்கு வச்சிருக்கு. 2025 நவம்பர்ல டெல்லியில இருக்கிற ஐ.ஜி.ஐ.பி ஆய்வகம் உருவாக்கின பிர்சா 101 என்ற உள்நாட்டு கிரிஸ்பர் சிகிச்சையும் அறிவிக்கப்பட்டிருக்கு.

ஒரு எச்சரிக்கை. அரபு-இந்திய வகைன்னா நோய் லேசாத்தான் இருக்கும்னு அலட்சியமா விடக் கூடாது. அதே வகை உள்ள இந்திய நோயாளிகள்ல கடுமையா அவதிப்படுறவங்களும் நிறைய. 158-வது எழுத்து கதையில ஒரு வரிதான், முழுக் கதை இல்லை.

மெஷின் லேர்னிங் மக்களுக்கு ஒரு பாடம்

எந்த என்ஹான்சர் எந்த ப்ரமோட்டரோட சேரும்னு கணிக்கிற மாடல்கள் நிறைய வந்திருக்கு. 2016-ல் வந்த ஒரு பிரபல மாடல் அசத்தலான மதிப்பெண் காட்டுச்சு. 2018, 2019-ல் வேற குழுக்கள் தோண்டிப் பார்த்தப்போ ஒரு ஓட்டை தெரிஞ்சுது. ஜோடிகளைக் கலைச்சுப் போட்டு ட்ரெயின், டெஸ்ட்னு பிரிச்சிருந்தாங்க. ஆனா பக்கத்துப் பக்கத்து ஜோடிகளுக்கு நடுவுல இருக்கிற டி.என்.ஏ பகுதி பெரும்பாலும் ஒண்ணுதான். ட்ரெயின்ல பார்த்த அதே பகுதி டெஸ்ட்லயும் வருது. மாடல் பாடத்தைப் புரிஞ்சுக்கலை, கேள்வித்தாளை முன்னாடியே பார்த்திருக்கு. முழு குரோமோசோமையே டெஸ்டுக்குன்னு தனியா ஒதுக்கினதும் மதிப்பெண் சரிஞ்சுடுச்சு.

உங்க ப்ராஜெக்ட் டி.என்.ஏ பத்தினது இல்லைன்னாலும் இதை மறக்காதீங்க. காவிரி நீர்மட்டத்தைக் கணிக்கிறீங்களா? நேத்து, இன்னிக்கு, நாளைக்கு டேட்டாவைக் கலைச்சுப் போட்டுப் பிரிச்சா இதே கதைதான். ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கிற டேட்டாவை ரேண்டமாப் பிரிக்கக் கூடாது.

செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கு. ஜீனோம் இந்தியா திட்டத்துல 10,000 இந்தியர்களோட முழு டி.என்.ஏ வரிசை 2025 ஜனவரில ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்து விடப்பட்டிருக்கு. அதுல நம்ம மக்களோட ஜீன்கள் மட்டுமில்லை, அந்த 98 சதவீதமும் இருக்கு. நீலகிரியில ஒரே நோய் ஒருத்தரை மாசா மாசம் ஆஸ்பத்திரியில படுக்க வைக்குது, இன்னொருத்தரை வேலைக்குப் போக விடுது. அந்த வித்தியாசத்துக்கான விடையில ஒரு பகுதி, யாரும் இன்னும் சரியாப் படிக்காத ஏதோ ஒரு தூரத்து சுவிட்ச்ல இருக்கலாம். அதைப் படிக்க பயாலஜி தெரிஞ்சவங்களும் வேணும், கோடு எழுதத் தெரிஞ்ச நம்மளும் வேணும்.